பாட்டை நிற்கவிடாத கைகள்

சில மாதங்களுக்கு முன்பு திருப்பதியில் நம்மவர் இல்லத் திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். மணமகள் வீட்டார் மூன்று தலைமுறைகளுக்கு முன் வேலூரிலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பத்தார். மணமகன் வீட்டார் சித்தூரைச் சேர்ந்த தெலுங்கர். முகூர்த்தத்திற்கு முதல் நாள் மாலை வரவேற்பு நடைபெற்றது. மண்டபத்தின் ஒரு மூலையில், மேசையின் பின்னே ஓர் இளைஞர் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னே ஒரு மடிக்கணினி. அதன் அருகே இரண்டு வட்டத் தட்டுகள் பொருத்திய கருவி ஒன்று. ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்து, மறு காதைச் சபையின் பக்கம் திருப்பியிருந்தார். தமிழ்ப் பாட்டு ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. அது எப்பொழுது முடிந்தது என்று எவரும் அறியாவண்ணம் தெலுங்குப் பாட்டு ஒன்று தொடர்ந்தது. இரு வீட்டுச் சிறுவர் சிறுமியரும் ஆட்டத்தை நிறுத்தவே இல்லை.

மணமகளின் பாட்டனார் சற்று நேரம் உற்று நோக்கிவிட்டு, மேசையருகே சென்று கேட்டார்:

“ஏன் தம்பி, நீ பாடவும் இல்லை, வாத்தியம் வாசிக்கவும் இல்லை. பின்னே என்னதான் செய்கிறாய்?”

இளைஞர் புன்னகையுடன், “பாட்டு நிற்காமல் பார்த்துக்கொள்கிறேன், தாத்தா” என்றார்.

“இதற்கு ஓர் ஆள் வேண்டுமா?” என்று சொல்லிக்கொண்டே பெரியவர் திரும்பினார். நமக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர்தாம் அவ்விளைஞரின் தந்தையார் என்பது பின்னர்த் தெரிந்தது. “பாலிடெக்னிக் படிக்க வைத்தேன். ஊர் ஊராய்ப் பாட்டுப் போட்டுத் திரிகிறான். கேட்டால் இதுவும் ஒரு வித்தை என்கிறான்” என்று மனம் நொந்து கூறினார்.

அவ்விளைஞரின் விடையை நாம் இல்லம் திரும்பிய பின்னும் மறக்க இயலவில்லை. பாட்டு நிற்காமல் பார்த்துக்கொள்வது ஒரு வித்தையா? ஆம் என்றே நாம் கருதுகிறோம். அவ்வித்தை தோன்றிய வரலாற்றைச் சற்று ஆராய்ந்தபோது, அதை ஆக்கியவர்களுள் முதன்மையானோர் பலர் நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டு வேறு மண்ணில் குடியேறியவர்கள் என்பதையும் கண்டோம். அந்த வரலாற்றை நேயர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

மைக் செட்டும் அரை நிமிஷமும்

இத்தொழிலுக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயர் டிஸ்க் ஜாக்கி என்பது. டிஸ்க் என்றால் இசைத்தட்டு. ஜாக்கி என்றால் பந்தயக் குதிரையை ஓட்டுபவன். குதிரைக்குப் பதிலாகத் தட்டை ஓட்டுபவன் என்று வேடிக்கையாக வைத்த பெயர். அதைச் சுருக்கி டி.ஜே. என்று இன்று எல்லா ஊரிலும் வழங்குகிறார்கள். முதலில் இப்பெயர் வானொலி நிலையங்களில் இசைத்தட்டுகளை ஒலிபரப்பி, இடையிடையே பேசுபவர்களையே குறித்தது. அப்பொருளில் நோக்கினால், இலங்கை வானொலியின் மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களைத் தமிழ் கூறும் நல்லுலகின் முதல் தட்டோட்டிகள் என்று கூறுவதில் தவறில்லை.

வானொலிக்கு வெளியே, ஊர்ச் சபையின் நடுவே தட்டு ஓட்டியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அவர்கள்தாம் மைக் செட்காரர்கள். கோயில் திருவிழாவாயினும், காதுகுத்துக் கலியாணமாயினும், புளியமரக் கிளையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, கீழே ஒரு மேசையில் ஆம்பிளிபையரையும் கிராமபோனையும் வைத்து ஊரைக் கூட்டியவர்கள் அவர்கள்.

மேலே சொன்ன பெரியவரே தம் வாலிபப் பருவத்தில் சித்தூரில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தவர் என்பது விருந்தின்போது தெரியவந்தது. அந்நாளில் அவர் கையாண்ட பழைய இசைத்தட்டு நிமிஷத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கம் மூன்று நிமிஷத்திற்குச் சற்று மேல் ஓடும். பாட்டு முடிந்ததும் ‘கரகர’ என்று முள் தேயும் ஓசை ஊர் முழுவதும் கேட்கும். உடனே ஓடிச்சென்று கையைத் தூக்க வேண்டும், தட்டை மாற்ற வேண்டும், தூசி துடைக்க வேண்டும், மீண்டும் முள்ளை வைக்க வேண்டும். “அந்த அரை நிமிஷம் எனக்கு உயிர் போய் உயிர் வரும். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் இலையை விட்டுவிட்டு என்னைத்தான் பார்ப்பார்கள்” என்றார் அவர்.

பிறகு, ஒரு பக்கம் இருபது நிமிஷத்திற்கு மேல் ஓடக்கூடிய நீள் இசைத்தட்டு வந்தது. மதுரையிலே பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடி 1963-இல் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம் அத்தகைய தட்டுதான். தென்னாட்டில் எத்தனையோ வீடுகளுக்கும் கோயில்களுக்கும் திருப்பதியின் விடியற்காலை அத்தட்டின் வழியே சென்று சேர்ந்தது. ஆயினும் பக்தியுடன் அமர்ந்து கேட்பவர்க்கு நீள் தட்டுப் போதும்; ஆடிக்கொண்டிருப்பவர்க்குப் போதாது. ஒரு பாட்டுக்கும் மறுபாட்டுக்கும் நடுவே உள்ள மௌனம் ஆடுபவனின் காலைக் கட்டிவிடும். நம் பெரியவரை வருத்திய அந்த அரை நிமிஷத்தை ஒழிப்பதற்காகவே மேல்நாட்டுத் தட்டோட்டிகள் ஒவ்வொரு புதுமையாகக் கண்டுபிடித்தார்கள்.

நடன விடுதியில் பிறந்த உபாயம்

1970-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், நியூயார்க் நகரத்தில் பழைய மாதா கோயில் கட்டடம் ஒன்றில் சாங்சுவரி என்ற இரவு நடன விடுதி நடந்து வந்தது. அங்கே தட்டு ஓட்டியவர் பிரான்சிஸ் கிராஸோ. முன்னாளில் தாமே நடனமாடிப் பிழைத்தவராதலால், ஆடுபவரின் காலுக்கு எது வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அவர் கையாண்ட உபாயம் எளியது. இரண்டு கிராமபோன்களை அருகருகே வைத்துக்கொண்டார். முதல் தட்டு சபைக்கு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டாம் தட்டில் பாட்டின் தொடக்கத்தை ஹெட்போன் மூலம் தாம் மட்டும் கேட்டுக் கண்டுபிடிப்பார். பிறகு அத்தட்டை விரலால் அழுத்தாமல் பிடித்துக்கொள்வார். தட்டின் கீழே மெல்லிய கம்பளித் துணி விரிக்கப்பட்டிருக்கும். ஆதலால் கீழே உள்ள சுழல்மேடை தன் வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். தட்டு மட்டும் விரலுக்குக் கட்டுப்பட்டு அசையாது நிற்கும். தக்க தருணத்தில் விரலை எடுத்தால், தட்டு அந்தக் கணமே முழு வேகத்துடன் பாடத் தொடங்கும். வானொலிக்காரர் சிலர் முன்பே அறிந்திருந்த இத்தந்திரத்தைக் கிராஸோ நடனத்திற்கு உரியதாக்கினார்.

அடுத்தது தாளம். ஒரு பாட்டு நிமிஷத்திற்கு 120 அடி என்ற கணக்கிலும், அடுத்த பாட்டு 118 அடி என்ற கணக்கிலும் செல்வதாகக் கொள்வோம். இரண்டையும் ஒருங்கே ஒலிக்கவிட்டால், சிறிது நேரத்தில் கால் தடுமாறும். இரண்டாம் தட்டின் வேகத்தை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவான அளவு கூட்டினால் தாளங்கள் இசைந்துவிடும். அப்பொழுது ஒரு பாட்டின் மேல் மற்றொரு பாட்டைப் படரவிட்டு, முன்னதை மெல்லக் குறைத்துவிடலாம். தவில்காரர் நாகசுரத்தின் காலப்பிரமாணத்தைக் காதில் வாங்கிக்கொண்டு கையைச் செலுத்துவதை ஒத்தது இது. சபைக்குத் தெரிவது ஒரே ஓட்டம். உள்ளே நடப்பதோ இரு காதுகளின் இடைவிடாத உழைப்பு.

இதற்கு ஏற்ற கருவி அந்நாளில் கடைகளில் கிடைக்கவில்லை. அதைச் செய்து கொடுத்தவர்களில் முன்னோடி அலெக்ஸ் ராஸ்னர் என்ற பொறியாளர். குழந்தைப் பருவத்தில் நாஜிகளின் வதைமுகாம்களுக்கு இரையாகாமல் தந்தையுடன் உயிர் தப்பி, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய போலந்து யூதர் அவர். 1971-இல் ஹேவன் என்ற விடுதிக்காக அவர் செய்த கலவைப் பெட்டிக்கு ‘ரோஸி’ என்று பெயர் வழங்கலாயிற்று. இரு தட்டுகளின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும், சபைக்குச் செல்லாமல் ஒன்றை மட்டும் தனியே கேட்கவும் அதில் வசதி இருந்தது. இன்று மிக்ஸர் என்று வழங்கும் கருவிகளெல்லாம் அத்தகைய பெட்டிகளின் வழிவந்தவையே.

தனி ஆவர்த்தனத்திற்காகக் காத்திருந்த இளைஞர்கள்

பணம் படைத்தவர் செல்லும் நடன விடுதிகளிலிருந்து சில மைல் வடக்கே, அதே நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்த கிளைவ் காம்பெல் என்ற சிறுவன் 1967-இல், தன் பன்னிரண்டாம் வயதில், குடும்பத்தாருடன் அங்கே குடியேறினான்.

கிங்ஸ்டன் நகரில் அக்காலத்தே நம் மைக் செட்டைப் போன்ற ஒரு வழக்கம் இருந்தது. பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர்களைத் தெருவிலோ திறந்த முற்றத்திலோ அடுக்கி, இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டு ஆடுவார்கள்; அறிவிப்பாளர் ஒருவர் பாட்டின் மேலேயே சந்தத்துடன் பேசுவார். அங்கே வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துவந்த கிங் டப்பி என்பவர், பின்னாளில் பாட்டிலிருந்து குரலை நீக்கியும் எதிரொலியைச் சேர்த்தும் புதியதோர் இசை முறையையே உண்டாக்கினார். சிறுவன் கிளைவ் கண்டு வளர்ந்த உலகம் அது. புதிய ஊரில் அவனது பேச்சைக் கேட்டுப் பிற பிள்ளைகள் நகைத்தார்களாம். ஆனால் அவன் கண்களில் பதிந்திருந்த அந்தத் தெருக் கச்சேரியை எவரும் பறிக்க இயலவில்லை.

1973 ஆகஸ்டு 11-ஆம் நாள், அவன் தங்கை சிண்டி, பள்ளி திறப்பதற்குள் புதிய உடைகள் வாங்கப் பணம் சேர்க்க எண்ணி, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தின் பொழுதுபோக்கு அறையில் ஒரு நடன விருந்தை ஏற்பாடு செய்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். அண்ணன் தட்டு ஓட்டினான். அவனுக்கு வழங்கிய பெயர் கூல் ஹெர்க்.

ஹெர்க் ஒன்றைக் கூர்ந்து கவனித்திருந்தான். பாட்டின் நடுவே பாடகரும் பிற வாத்தியங்களும் ஓய்ந்து, தாள வாத்தியம் மட்டும் சில விநாடி ஒலிக்கும் இடம் உண்டு. நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தைப் போன்றது அது. நம் சபைகளிலே தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபி அருந்த எழுந்து செல்பவர் பலர். பிராங்க்ஸ் இளைஞர்களோ அந்த இடத்திற்காகவே காத்திருந்து, அது வந்தவுடன் களத்தில் குதித்தார்கள். ஆனால் அது சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆதலின் ஹெர்க் ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகள் வாங்கினான். முதல் தட்டில் அப்பகுதி முடியும்போது இரண்டாம் தட்டில் அதையே தொடங்குவான். அதற்குள் முதல் தட்டின் முள்ளைப் பின்னுக்கு நகர்த்திவிடுவான். பத்து விநாடித் தாளம் ஐந்து நிமிஷத் தாளமாயிற்று. அதன் மேல் நண்பர்கள் சந்தத்துடன் பேசத் தொடங்கினார்கள். உலகெங்கும் பரவி, இன்று நம் தமிழ்ப் படங்களிலும் ஒலிக்கும் ஹிப் ஹாப் இசையின் பிறப்பிடம் அந்தச் சிறிய அறையே என்று மதிக்கப்படுகிறது. ஒரு பெண் குழந்தையின் பள்ளி உடைக்காக நடந்த விருந்து அது என்பதை நினைக்குந்தோறும் வியப்பே மிகுகிறது.

சமையலறையிலிருந்து வந்த கண்டுபிடிப்பு

ஹெர்க்கின் முறையில் ஒரு குறை இருந்தது. முள்ளை ஏறத்தாழ மதிப்பிட்டே வைத்தமையால், தட்டு மாறும் இடத்தில் தாளம் பிசகும். அக்குறையை உணர்ந்தவர் ஜோசப் சாட்லர் என்ற இளைஞர். பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் என்று புகழ் பெற்றவர். இவரும் குடியேறிய குடும்பத்துப் பிள்ளையே. 1958-இல் பார்படாஸ் தீவில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர். தந்தையார் அருமையாகச் சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளைத் தொட்டதற்காகப் பலமுறை அடி வாங்கியவர். தொழிற்பள்ளியில் மின்னணுப் பாடம் படித்து, குப்பையில் எறியப்பட்ட வானொலிப் பெட்டிகளைப் பொறுக்கி வந்து பிரித்துப் பார்த்தவர்.

அவர் செய்த கண்டுபிடிப்புகள் மூன்றை இங்கே குறிப்பிடுவோம்.

முதலாவது, தட்டின் கீழ் விரிக்கும் துணி. கடையில் கிடைத்த ரப்பர் விரிப்புத் தட்டை வழுக்கவிடாது பற்றிக்கொண்டது. அவருடைய தாயார் தையல் அறிந்தவர். அன்னையிடம் கேட்டறிந்து கம்பளித் துணியை வட்டமாக வெட்டி, துணிக்குப் போடும் கஞ்சியை அதன்மேல் தெளித்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து விறைப்பாக்கினார். அப்பளம் போல் ஆன அத்துணியின் மேல் தட்டு விரலசைவுக்கு இணங்கி முன்னும் பின்னும் சென்றது.

இரண்டாவது, தட்டின் மேல் வண்ணச் சுண்ணக் கோலால் இட்ட அடையாளம். நீள் தட்டு நிமிஷத்திற்கு 33⅓ முறை சுழல்வதால், ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகிறது. பத்து விநாடித் தாளப் பகுதி ஏறத்தாழ ஐந்தரைச் சுற்று. ஆகவே முள்ளைத் தூக்கித் தேட வேண்டியதே இல்லை. அடையாளத்தைக் கடிகார முள்ளைப் போல் நோக்கி, வேண்டிய சுற்றுகள் பின்னோக்கித் திருப்பினால், தாளம் தொடங்கும் இடம் துல்லியமாக வந்து நிற்கும். இதைக் கடிகார முறை என்றே அவர் அழைத்தார்.

மூன்றாவது, கலவைப் பெட்டியில் அவர் ஒட்டிய ஒரு சிறிய சுவிட்சு. அதை ஒரு பக்கம் தள்ளினால் வலத் தட்டும், மறு பக்கம் தள்ளினால் இடத் தட்டும் ஹெட்போனில் மட்டும் கேட்கும். விலையுயர்ந்த விடுதிக் கருவிகளில் இருந்த வசதியைச் சில்லறைக் காசுக்கு அவர் அமைத்துக்கொண்டார். இசைத்தட்டின் முகத்தை விரலால் தொடலாகாது என்பது அந்நாள் வரை எல்லோரும் போற்றிய விதி. அவ்விதியை மீறியபோது தட்டு வெறும் பதிவுப் பொருளாக இல்லாமல் ஒரு வாத்தியமாகவே மாறியது.

அவர் குழுவைச் சார்ந்த தியோடோர் என்ற சிறுவன் அவ்வாத்தியத்தின் புது ஒலியைக் கண்டான். 1970-களின் நடுப்பகுதியில் ஒரு நாள், தன் அறையில் பெரிய ஓசையுடன் பாட்டு வைத்திருந்தான். தாயார் கதவருகே வந்து கண்டித்தார். அன்னை பேசி முடிக்கும் வரை தட்டைக் கையால் பிடித்து, முன்னும் பின்னும் சிறிது அசைத்துக்கொண்டே நின்றான். ஹெட்போனில் ‘விக்கு விக்கு’ என்றதோர் ஒலி எழுந்தது. பல நாள் பழகி, அதைத் தாளத்துடன் இசைத்துச் சபைக்குக் கொணர்ந்தான். உலகம் முழுவதும் ஸ்கிராட்ச் என்று வழங்கும் வித்தை ஒரு தாயின் கண்டிப்புக்கு நடுவே பிறந்தது.

தொழிற்சாலை பின்னே வந்தது

இவ்வித்தைகளுக்கு ஈடுகொடுக்கும் சுழல்மேடையைத் தந்தது ஜப்பான் நாடு. பழைய கிராமபோன்களில் மோட்டாரையும் மேடையையும் ரப்பர் வார் இணைக்கும். கையால் தடுத்தால் வார் நழுவும். மீண்டும் வேகம் பிடிக்க நேரமாகும். மட்சுஷிட்டா நிறுவனத்தின் பொறியாளர் ஷுயிச்சி ஒபாட்டாவும் அவர் குழுவினரும் வாரை நீக்கி, மோட்டாரின் அச்சையே மேடையின் அச்சாக ஆக்கினார்கள். அம்முறையில் அமைந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்ற கருவி 1972-இல் வெளிவந்தது. வீட்டில் அமர்ந்து கேட்பவர்க்கென்று விற்கப்பட்ட அதைத் தட்டோட்டிகள் தமதாக்கிக்கொண்டார்கள். 1979-இல் வந்த இரண்டாம் வகையில் வேகத்தை நூற்றுக்கு எட்டு வரை கூட்டவும் குறைக்கவும் நீண்டதொரு நகர்த்தி அமைக்கப்பட்டது. 2010-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அக்கருவிக்கு மக்கள் விருப்பம் குன்றாமையால், 2016-இல் அது மீண்டும் வெளிவந்தது.

தட்டுமே மாறியது. நியூயார்க்கில் டாம் மோல்டன் என்பவர் நடனத்திற்காகப் பாட்டுகளை நீட்டித் தொகுத்து வந்தார். 1970-களின் நடுவில் ஒரு நாள், பதிவு நிலையத்தில் சோதனைத் தட்டு வெட்ட ஏழு அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றிப் பெரிய தட்டில் வெட்டினார்கள். வரிப்பள்ளங்கள் விரிந்து இடம் பெற்றதால் ஒலி கம்பீரமாயிற்று; மத்தளத்தின் தொப்பி முழக்கம் நெஞ்சில் அடித்தது. ஒரே பாட்டைத் தாங்கிய பன்னிரண்டு அங்குலத் தட்டு இவ்வாறு பிறந்தது. 1990-களில் குறுந்தகட்டுக்கு ஏற்ற கருவிகளும், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கணினியிலுள்ள பாட்டைத் தட்டின் மூலமே ஆட்டிவைக்கும் முறைகளும் வந்தன. திருப்பதி மண்டபத்தில் நாம் கண்ட இரு வட்டத் தட்டுகள் பழைய சுழல்மேடைகளின் நினைவாக நிற்பவை. பாட்டு அவற்றில் இல்லை. விரலின் பழக்கம் மட்டுமே அவற்றில் எஞ்சியிருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

‘அமெரிக்கக் கேளிக்கைக் கதை நமக்கெதற்கு?’ என்று நேயர் சிலர் வினவக்கூடும். எண்ணிப் பாருங்கள். ஜமைக்காவிலிருந்து ஒருவர், பார்படாஸிலிருந்து ஒருவர், போலந்திலிருந்து ஒருவர். எல்லோரும் இரண்டு ஊர்களைக் காதில் சுமந்தவர்கள். பிறந்த ஊரின் ஓசை ஒரு காதில். வந்த ஊரின் ஓசை மறு காதில். இரண்டு தட்டுகளை இடைவெளியின்றி இணைக்கும் வித்தை இத்தகைய பிள்ளைகளின் கையில் வளர்ந்தது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

நம் பிள்ளைகளும் அத்தகையவர்களே. 1911-இல் வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தது. நம்முள் சிலர் காட்பாடியில் இரயிலேறி இங்கு வந்தவர்கள். வேறு சிலர் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது. எப்படியாயினும், வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக நம் பிள்ளைகள் வளர்கின்றனர். சித்தூரின் பெயரையே தம் பெயரோடு தாங்கிய நாகையா 1945-இல் தமிழ் ‘மீரா’விலும், 1946-இல் தெலுங்கு ‘தியாகையா’விலும் தோன்றி இரு மொழியாரையும் தம்மவராக்கிக்கொண்டார். இரு வீட்டார் கூடிய சபையில் எந்தத் தமிழ்ப் பாட்டின் பின்னே எந்தத் தெலுங்குப் பாட்டை வைத்தால் எவரும் எழுந்து போகமாட்டார் என்று அறிந்த இளைஞனும், தன் அளவில் அத்தொண்டையே செய்கிறான். அதைச் செய்ய இரு மொழிப் பாட்டும் தெரிய வேண்டும். தாளம் தெரிய வேண்டும். மின்கருவி தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சபையின் முகம் தெரிய வேண்டும்.

ஆயினும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பாட்டு நிற்கலாகாது என்பது வித்தை. காது செவிடாக வேண்டும் என்பது வித்தையன்று. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது மருத்துவர் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் எஞ்சுவது கால் மணி நேரமே. கேளிக்கை அரங்குகளில் சராசரி ஓசை 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்துள்ளது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபலே எல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது. இரவெல்லாம் ஸ்பீக்கரின் அருகே நிற்பவர் தட்டோட்டியே. முதலில் கெடுவது அவர் காதுதான். காதை இழந்த தட்டோட்டி கண்ணை இழந்த சித்திரக்காரனுக்கு ஒப்பாவான். ஆகவே காதடைப்பான் அணிவதை வெட்கமாகக் கருதலாகாது. மண்டபத்தில் முதியோரும் குழந்தைகளும் அமரும் பக்கம் ஸ்பீக்கரைத் திருப்பாமல் வைப்பதும் இத்தொழிலின் தருமமே.

பெற்றோர்க்குச் சொல்ல விரும்புவதும் ஒன்றுண்டு. படித்த படிப்பைக் கைவிட்டு எல்லோரும் இதில் இறங்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. முகூர்த்த மாதங்களில் வேலையும், மற்ற மாதங்களில் ஓய்வுமாக வருவாய் ஏறி இறங்கும் தொழில் இது என்பதையும் மறுக்கவில்லை. ஆயின் பிள்ளை என்ன செய்கிறான் என்று ஒரு நாள் அவன் அருகே நின்று பார்த்துவிட்டு, அதன் பிறகு தீர்ப்புக் கூறுங்கள் என்றே வேண்டுகிறோம்.

அன்று அப்படித்தான் நடந்தது. விருந்து முடிந்து கூட்டம் குறைந்த வேளையில், பெரியவர் மீண்டும் அந்த மேசையருகே சென்றார். தம் மைக் செட் நாளில் அடிக்கடி போட்ட பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றின் பெயரைச் சொல்லி, அது கிடைக்குமா என்று கேட்டார். இளைஞர் தலையசைத்துவிட்டு, தம் ஹெட்போனைக் கழற்றி, “இதைக் கேளுங்கள் தாத்தா” என்று பெரியவர் காதில் வைத்தார். மண்டபத்தில் அப்போது வேறொரு பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. பெரியவரின் காதிலோ அவர் கேட்ட பாட்டு, சபைக்கு வருமுன், அவருக்காக மட்டும் தொடங்கியிருந்தது.

பெரியவர் சிறிது நேரம் அசையாது நின்றார். பிறகு இளைஞரின் தந்தையார் பக்கம் திரும்பி, “இது அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால், பந்தியில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்” என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே முதற்பாட்டு மெல்லத் தேய்ந்தது. அவருடைய பாட்டு மண்டபத்தில் எழுந்தது. இடையே ஒரு கணமும் மௌனம் இல்லை.